இரட்டைக்குழலில் ஒரு சுழி

சேதுபதி அதைச் சொன்னபோது, லீலா ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்து வைத்திருந்தாள்.

"என் தம்பி மாத்திட்டான்லா. வேற என்ன இருக்கப் போவுது?"

சிராங்கூன் பக்கம் ரேஸ் கோர்ஸ் சாலை வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வராமல் புழுங்கியது. எதிர் வரிசையில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். லீலாவின் பக்கத்தில் மகள் அனுப்ரியா, அடுத்து அவளுக்கு நிச்சயமான ஜெய். தை மாதக் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கூடிய சாப்பாடு அது. சேதுபதிதான் கூட்டியிருந்தார். லீலாவின் கணவர் ஷங்கருக்கு ஒரே அண்ணன். ஷங்கர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அனுவுக்கு அப்பா ஸ்தானத்தில் மணவறையில் உட்கார வேண்டியவர் இவர்தான்.

பேச்சைக் கிளப்பியது சம்பந்தி. அவர் மேல் தப்பில்லை. நிச்சயதார்த்தத்தன்று சேதுபதி அவரை ஓரமாக உட்கார வைத்து அந்தத் துப்பாக்கியின் புராணத்தை முழுக்கப் பாடியிருந்தார்.

"துரை குடுத்த துப்பாக்கின்னு சொன்னீங்களே, வேல்யுவேஷன் வந்துச்சா?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

சேதுபதியின் முகம் சுருங்கியது. "வந்துச்சு. இங்கிலீஷ் கன்னே இல்லயாம். பெல்ஜியத்துல செஞ்ச மலிவு சரக்கு. இங்கிலீஷ் கம்பெனி பேர அரைகுறையா காப்பியடிச்சு போட்டிருக்காம். அதுல ஒரு ரெண்டாம் நம்பர வேற யாரோ கையால வெட்டியிருக்காங்க. ஜோடித் துப்பாக்கியில ரெண்டாவதுன்னு காட்டறதுக்கு. ஃபோர்ஜரி! எங்க தாத்தா வச்சிருந்தது ஒரிஜினல் சார். இது வேற."

"அப்ப ஒரிஜினல் எங்க போச்சு?"

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. மாத்திட்டான்லா. சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார் சேதுபதி. "சுட முடியாதபடி குழல அடைக்கணும்னு போலீஸ் சொன்னப்ப அவன்தான் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனான். ஒரு மாசம் கண்ணுலயே காட்டல. அவனோட கேட்டரிங் தொழில் அப்ப டல்லு. நான் எதுவும் கேக்கல. தம்பிதானே, போகட்டும்னு விட்டுட்டேன்."

சம்பந்தியம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தார். ஜெய் குனிந்து ஃபோனைப் பார்த்தான். ரச வாளியோடு வந்தவர், "ரசம்மா?" என்று லீலாவின் இலைக்கு மேல் கரண்டியை நீட்டிக்கொண்டு நின்றார்.

லீலா இலையின் கீழ்ப்பாதியைப் பிடித்து எதிர்ப்பக்கமாக மடித்தாள். சோறு, குழி, தொடாத அவரைப் பொரியல் எல்லாம் உள்ளே போயின. துக்க வீட்டில் மட்டுமே அப்படி மடிப்பார்கள். மேசையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

"அம்மா," என்றாள் அனு, மெதுவாக.

"வா, போலாம்," என்றாள் லீலா.

---

அந்தத் துப்பாக்கியை லீலா ஒருநாளும் விரும்பியதில்லை. கல்யாணமாகி ஃபேரர் பார்க் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டோடு தொங்கியது. இரண்டு குழல், இரண்டு குதிரை. விசையை இழுத்தால் குதிரை பாயும் என்று ஷங்கர் சொல்லப்போய், உள்ளே நிஜக் குதிரை இருப்பதாகச் சின்ன வயதில் அனு வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். ஷங்கரின் தாத்தா வேலாயுதம் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் காவல் வேலை பார்த்தவர். கன்றுகளைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றிகளைச் சுடக் கொடுத்த துப்பாக்கியை, துரை ஊருக்குப் போகும்போது அவருக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். சேதுபதி சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் துரையின் துப்பாக்கியாக இருந்தது, பிறகு துரையின் அப்பாவுடையதானது. கிளமெண்டி கிளப்பில் அவர் கடைசியாகச் சொன்னபோது, ஜோடியில் இன்னொன்று ஏதோ அரண்மனையில் இருந்தது.

லைசென்ஸ் ஷங்கர் பெயரில். அவர் இறந்ததும் துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது என்று, உரிமம் பெற்ற ஒரு வியாபாரியின் காப்பறைக்கு அது போய்விட்டது. யாராவது பெயருக்கு மாற்ற வேண்டும், அல்லது அழிக்கக் கொடுத்துவிட வேண்டும். லீலா அழிக்கவே கொடுத்திருப்பாள். சேதுபதிதான், "அது ரேர் பீஸ், என் ஹால்ல வைக்கிறேன்," என்று குதித்து, மதிப்பீடு செய்யச் சொன்னார்.

மதிப்பீடு வந்ததும், தன் பேச்சு பொய்யாகிவிட்ட வெட்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று பார்த்திருக்கிறார். செத்தவன் தோள் வசதியாக இருந்திருக்கிறது.

லீலாவுக்கு அதுதான் தாங்கவில்லை. கோயில் அன்னதானத்துக்குப் போன பாத்திரங்களோடு ஒருமுறை யாருடைய கரண்டியோ கலந்து வந்துவிட்டது. ஒரு கரண்டிதான். "இது நம்மது இல்ல லீலா," என்று அந்த மழையில் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு சிராங்கூன் சாலையில் ஒவ்வொரு சமையல்காரராகக் கேட்டுக்கொண்டு போன மனுஷன் ஷங்கர். அவரா மாற்றுவார்? அதுவும் சம்பந்தி முன்னால் அந்தப் பேச்சா? நாளைக்கு அனு அந்த வீட்டில் வாழப் போகிறவள். ஒரு கிண்ணம் காணாமல் போனால்கூட, "அவ அப்பா…" என்று யாராவது ஆரம்பித்தால்?

---

மறுநாள் காலை சமையற்கூடத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க அடித்த மழையில் பின்சந்து நனைந்து, வாழைத்தண்டும் மல்லிக்கட்டும் கலந்த சந்தை வாசம் உள்ளே வந்தது. லீலா படித்தது கணக்கியல். வங்கி வேலையை விட்டுவிட்டு ஷங்கரோடு சேர்ந்து நடத்திய கேட்டரிங் இது. இப்போது கூடமாட மைமூன் இருக்கிறாள். நாகூர்ப் பூர்வீகம், பிறந்து வளர்ந்தது இங்கே பஃபலோ சாலை. வாய் ஓயாது, வடை தட்டும் கையும் ஓயாது.

"அக்கா, பருப்ப அரைக்கச் சொன்னா மூஞ்ச அரைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. என்னாச்சு, சொல்லுங்கலா."

லீலா சொன்னாள். சொல்லச் சொல்ல உளுந்து மாவை அவள் அடித்த அடியில் பாத்திரமே நகர்ந்தது.

"அட பாவி மனுஷா," என்றாள் மைமூன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. எழுந்து வந்துட்டேன்."

"தப்பு. ரச வாளிய வாங்கித் தலையில ஊத்திட்டு வந்திருக்கணும்."

"என்னன்னு சொல்றது மைமூன்? அந்த வேல்யூவர் பொண்ணு நல்ல பொண்ணு. விஷயம் தெரிஞ்சவ. கம்பெனி பேர்ல கடைசியில ரெண்டு எல் இருக்கணுமாம், ஒண்ணுதான் இருக்காம். பெல்ஜியம் முத்திரை இருக்காம். குழல்ல பாம்புச்சட்ட மாதிரி கோடு ஓடுதில்ல, அது நெசக் கோடு இல்ல, மேலால வரைஞ்சதாம். அடிக்கட்டையக் கழட்டினா உள்ள கோடே இல்ல. எல்லாம் படம் எடுத்து அனுப்பியிருக்கா. நான் எத இல்லன்னு சொல்ல?"

மாவுக் கையோடு மைமூன் எட்டிப் பார்த்தாள். லீலா ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். முத்திரை. பெயர். குழல். கடைசியாக, கட்டைக்கு அடியில் மறைந்திருந்த இரும்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த அந்த இரண்டாம் நம்பர், திரை முழுக்கப் பெரிதாக.

"இது எந்தச் சட்டிக்கா?" என்றாள் மைமூன்.

"எது?"

"இதான். உங்க மாமியா அண்டா மாதிரி இருக்கு. கறுத்துப்போய் வந்திருக்கே, கோயில்ல இப்படியா போட்டு வச்சாங்க?"

"மைமூன், இது துப்பாக்கி."

"துப்பாக்கியில எதுக்குக்கா பிள்ளையார் சுழி போட்டிருக்கு?"

கிரைண்டரை நிறுத்த லீலாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சுவரோரம் நேற்று கோயிலிலிருந்து திரும்பி வந்த பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. இனிமேல்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றின் கழுத்திலும் வெட்டியிருக்கும் பெயர்தான் அடையாளம். மைமூன் வீட்டுச் சட்டிகளில் எழுநூற்று எண்பத்தாறு இருக்கும். லீலா குவியலைத் தள்ளி, அடியிலிருந்த பித்தளை அண்டாவை இழுத்துத் திருப்பினாள். மாமியார் வீட்டு அண்டா. பாயசத்துக்கு மட்டும் எடுப்பது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுத்து மழுங்கியிருந்தது. ஆனாலும் விரலுக்குத் தட்டுப்பட்டது. சிற்றுளியால் புள்ளி புள்ளியாக அடித்த 'உ'. வால் கொஞ்சம் அதிகமாக நீண்டு, நுனியில் மேலே சுண்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில், 'வே'.

ஃபோனை அண்டாவின் பக்கத்தில் பிடித்தாள். அதே வால். அதே சுண்டிய நுனி.

"பாத்திரத்துக்குப் பேர் வெட்ட வந்தவன்கிட்ட துப்பாக்கியையும் குடுத்திருக்காரு தாத்தா," என்றாள். "படத்துல பாதிதான் வந்திருக்கு. பக்கத்துல 'வே' இருக்கும். இருந்தே ஆகணும்."

"அப்போ துப்பாக்கி மாறலயா?"

"மாறல!"

மைமூன் மாவுக் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஏன்க்கா, உங்க மூத்தாரு இந்த அண்டாவுலதான பாயசம் குடிச்சு வளந்தாரு? அவருக்குத் தெரியலயா இது ரெண்டா சுழியான்னு?"

---

புக்கிட் பாத்தோக்கில் தொழிற்கூடங்கள் அடுக்கியிருக்கும் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது அந்த வியாபாரியின் அலுவலகம். அன்று மதியமே கிளம்பினார்கள். டாக்சிக்காரர் அண்டாவைப் பார்த்து, "ஆன்ட்டி, கல்யாணமா?" என்று கேட்டார். ஒரு காதை லீலாவும் மறு காதை அனுவும் பிடித்துத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார்கள்.

"போட்டோ எடுத்துட்டு வந்திருக்கலாம்மா. சீரியஸ்லி," என்றாள் அனு.

"படத்த நம்பித்தான் இவ்வளவும் வந்துச்சு."

சேதுபதி முன்பே வந்து குளிர்சாதனத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார். லீலா ஃபோனில், "வாங்க," என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். அண்டாவைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். "என்ன லீலா இது, ஆபீஸ்ல கொண்டாந்து… பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு உங்களுக்கு நேத்து தோணியிருக்கணும் அத்தான்."

மதிப்பீட்டாளர் மிஸ் கோ முப்பது வயதுப் பெண். கையுறை போட்டுக்கொண்டு துப்பாக்கியை மேசை விரிப்பின் மேல் கிடத்தினாள். அடிக்கட்டையைக் கழற்றிய இடத்தில் இரும்பு வெறுமையாகத் தெரிந்தது. முதலில் அவள் தான் எழுதியதை மறுபடி விளக்கினாள். இந்த வகைத் துப்பாக்கிகளை அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் செய்து, பெரிய கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு பெயரைப் போட்டு, உலகம் முழுக்க இரும்புக் கடைகளில் விற்றார்கள். தோட்டக் காவலுக்கு வாங்கியது இப்படிப்பட்டதுதான். அதில் சந்தேகமே இல்லை. இங்கிலீஷ் ஜோடித் துப்பாக்கிகளில் ஒன்று, இரண்டு என்று எண் இருக்கும். அதனால்தான் கையால் வெட்டிய இந்த எண்ணைப் போலி முயற்சி என்று எழுதினேன் என்றாள்.

"அத கொஞ்சம் தொடச்சுக் காட்டுவீங்களா? பக்கத்துலயும்," என்றாள் லீலா, ஆங்கிலத்தில்.

மிஸ் கோ பஞ்சுக் குச்சியை எண்ணெயில் தொட்டு மெல்லத் தேய்த்தாள். பழுப்பு விலகியது. 'உ'வின் பக்கத்தில் ஒரு புள்ளி. இன்னொன்று. வளைந்து, சுற்றி, முன்னால் ஒரு கொம்பு.

அனு அண்டாவை ஓசையோடு மேசையில் தூக்கி வைத்து, கழுத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

மிஸ் கோ இரண்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "ஒரே கை," என்றாள். "இது என்ன? எழுத்தா?"

"நாங்க எத ஆரம்பிச்சாலும் முதல்ல போடறது," என்றாள் லீலா. "பிள்ளையார் சுழி. அடுத்தது வேலாயுதம்னு பேரோட முதல் எழுத்து. பொருள் எங்க போனாலும் திரும்ப வரணும்னு வெட்டறது."

"பழைய தமிழ் நம்பர்ல ரெண்டும் இதே ஷேப்தான்," என்று அனு சும்மா இருக்காமல் சொன்னாள்.

சேதுபதி நிமிர்ந்தார். "அப்ப ரெண்டுதானே? பாத்தியா! ஜோடிதான்!"

"அத்தான்!"

"இல்ல லீலா, நம்பர்னும் வச்சுக்கலாம்ல…"

"அப்ப இந்த அண்டாவும் துரையோட ஜோடி அண்டாவா?"

மிஸ் கோ வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு பொறுப்பாக முகத்தைச் சரிசெய்துகொண்டு, தான் எழுதியதில் 'போலி' என்ற சொல்லை எடுத்துவிடுவதாகவும், தவறாகப் படித்ததற்கு வருந்துவதாகவும் சொன்னாள். துப்பாக்கி சாதாரண வகைதான். ஆனால் சமையல் பாத்திரம் மாதிரி பெயர் வெட்டிய துப்பாக்கியை இதுவரை பார்த்ததில்லை என்றாள்.

"அப்ப ரேர்னு சொல்லலாமா?" சேதுபதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒன் ஆஃப் எ கைண்ட்? அப்படி எழுதித் தருவீங்களா?"

லீலா அவரையே பார்த்தாள். இந்த மனிதருக்கு இன்னும் துப்பாக்கிதான் கண்ணில் தெரிகிறது. இருபது வருஷம் அடுப்படியில் வெந்த தம்பி தெரியவில்லை; நேற்று சம்பந்தி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் தெரியவில்லை.

"கீழ வாங்க," என்றாள்.

---

கட்டடத்துக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேரும் நடுவில் அண்டாவுமாக நின்றார்கள். கூரை ஒழுகி அண்டாவுக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"சரி, விடு லீலா," என்றார் சேதுபதி. "தெரிஞ்சு போச்சுல்ல? நானும் இனிமே பேசல. எல்லாம் வீட்டுக்குள்ள நடந்தது."

"வீட்டுக்குள்ளயா? நீங்க வீட்டுக்குள்ள சொன்னீங்களா? இல வரிசையில உக்காந்து, பொண்ணு குடுக்கப் போற எடத்துல சொன்னீங்க. ரசம் ஊத்த வந்தவர் கேட்டுட்டு நின்னாரு அத்தான்!"

"வாய் தவறி வந்துடுச்சு."

"வாய் தவறல. உங்க பெரும போகுதுன்னு தெரிஞ்சதும் தம்பியத் தூக்கி முன்னால போட்டீங்க. அவரு உயிரோட இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

சேதுபதி கைக்குட்டையை எடுத்து, நனையாத கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு உங்களப் பத்தி யாரையும் ஒரு வார்த்த தப்பாப் பேசவிட்டதில்ல," என்றாள் லீலா. "அண்ணன் சும்மா கத விடுறாருன்னு நான் சிரிச்சாக்கூட, 'விடுலா, அண்ணனுக்கு அதுல ஒரு சந்தோஷம்'னு சொல்லுவாரு. அவரப் போயி…"

"பெரியப்பா," என்றாள் அனு. இதுவரை சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தவள், கண்ணை அகற்றாமல் சொன்னாள்: "மணவறையில நீங்க அப்பா எடத்துல உக்காரணும். அப்பாவத் திருடன்னு சொன்னவர் எப்படி அந்த எடத்துல உக்காருவீங்க?"

பேருந்து வந்து, கதவைத் திறந்து, அண்டாவைப் பார்த்து, மூடிக்கொண்டு போனது.

"இப்ப நான் என்ன பண்ணணுங்கற?" என்றார் சேதுபதி.

"எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க," என்றாள் லீலா. "அதே கட. அதே ஆளுங்க. ஃபோன்ல வேணாம், தனியா வேணாம். இல போட்டு, எல்லாரும் உக்காந்திருக்கும்போது. சொல்லலன்னா என் பொண்ண நானே தார வார்த்துக் குடுப்பேன். ஐயர் என்ன சொன்னாலும் சரி, ஊர் என்ன சொன்னாலும் சரி."

---

அடுத்த ஞாயிறு அதே கடையில் அதே மேசை. சம்பந்தியம்மா இந்தத் தடவை லீலாவின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, அவள் முழங்கையை ஒருமுறை தொட்டுவிட்டு எடுத்தார். இலை போட்டார்கள். உப்பு வைத்தார்கள், ஊறுகாய், பொரியல், சோறு. லீலா இலையில் தண்ணீர் தெளித்ததோடு சரி, கை வைக்கவில்லை. அனுவும் வைக்கவில்லை. அவர்களைப் பார்த்து ஜெய்யும் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

சேதுபதி சாம்பாரைப் பிசைந்தார். வானிலையைப் பற்றிப் பேசினார். மண்டபத்தில் கார் நிறுத்த இடம் போதாது என்றார். பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது.

ரச வாளி வந்தது. அதே ஆள்தான். லீலாவின் பக்கம் வரத் தயங்கி, இரண்டடி தள்ளி நின்றார்.

சேதுபதி கையை உதறினார். தண்ணீரைக் குடித்தார்.

"சம்பந்தி," என்றார். "போன வாரம் இங்க உக்காந்து ஒண்ணு சொன்னேன். அந்தத் துப்பாக்கி எங்க தாத்தாவோடதுதான். மலிவுத் துப்பாக்கிதான். துரை கத, அரண்மன கத எல்லாம் நான் கட்டினது. எங்க வீட்டு அண்டாவுல இருக்கற அதே சுழி அதுலயும் இருக்கு. என் கண்ணுக்கு அது இங்கிலீஷ் ரெண்டாத் தெரிஞ்சுது." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் தம்பி எதையும் மாத்தல. மாத்திப் படிச்சது நான்."

கடையின் இரைச்சல் அந்த மேசையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி தலையை ஆட்டினார். சம்பந்தியம்மா, "சாப்பிடுங்கண்ணா," என்றார்.

சேதுபதி லீலாவைப் பார்த்தார். "கோவம் போச்சா?"

"போகல அத்தான்," என்றாள் லீலா. சோற்றை இழுத்து, நடுவில் குழி பறித்தாள். வாளிக்காரரைத் தலையசைத்து அருகில் கூப்பிட்டாள். "பசிக்குது. ரசம் ஊத்துங்க."